புளியமரம் திருப்பித் தந்த பந்து

மைதானத்துக்கு வெளியே புளியமரம் ஒன்றை அறுக்கிறார்கள். பதினான்கு வருடம் கால்பந்து அணியில் மிட்ஃபீல்டில் ஆடி, நேற்று கடைசி ஆட்டத்தையும் முடித்துவிட்டு, இன்று என் சாமான்களை எடுக்கத் தனியாக வந்திருக்கிறேன். பச்சை மரத்தூள் வாசனை நடக்கவிடவில்லை.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம், கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டெதிரே ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரத்தைச் சாய்த்திருந்தார்கள். பஸ் டிரைவரான அப்பா சேலத்தில் மாட்டிக்கொண்டார். எனக்கு ஒன்பது வயது. வெறிச்சோடிய ரோட்டில் நின்று அந்த மரத்தின் மேல் ரப்பர் பந்தை உதைப்பேன். எப்படிக் கொடுத்தாலும் மரம் திருப்பித் தரும்.

"வெயில்ல இன்னாடி பண்ணிக்கினு இருக்க? வூட்டுக்கு வா!" என்று அம்மா கத்துவாள்.

"அப்பா பஸ்ஸு வந்தா இங்கதாம்மா மொதல்ல தெரியும்."

ஏழாம் நாள் மரத்தை அறுத்து அகற்றினார்கள். முதல் பஸ்ஸில் அப்பா தாடியோடு வந்து இறங்கினார். நான் ஓடிப்போகவில்லை, பழக்கத்தில் மரம் கிடந்த இடத்தைப் பார்த்துப் பந்தை உதைத்தேன். அது சின்னசேலம் பக்கமாக உருண்டுகொண்டே போனது. அழுதுவிட்டேன். அப்பாவைப் பார்த்த சந்தோஷம் என்றுதான் அம்மா இன்றும் சொல்கிறாள்.

மைதானத்துக்கு வெளியே ரம்பச் சத்தம் நின்றது. என் சாமான்களோடு இருந்த பந்தை எடுத்து, காலி மைதானத்தில் ஒருமுறை உதைத்தேன். பிறகு நானே போய் எடுத்துவந்தேன்.