இரண்டு பேருக்கும் ஒரே ஃபைல்

தாலுகா ஆபீஸில் கோப்புகளைக் கட்டிக்கொண்டு அழுதே ஓய்வு பெற்றவன் நான். அதனால் என் சர்க்கரை வியாதிக்கென்று வைத்திருந்த ஃபைலில் ஒரு சீட்டுகூட இடம் மாறி இருக்காது. அன்று சாயங்காலம் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் மனைவியைப் படுக்க வைத்ததும், அந்த ஃபைலைத்தான் கொஞ்சம் பெருமையோடு டாக்டரிடம் நீட்டினேன்.

டாக்டர் எங்கள் மகள் வயதுப் பெண். புரட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இதுல எல்லாமே உங்க பேருல இருக்கு. அம்மாவோடது எங்க?" என்றார்.

அம்மாவுடையது என்று ஒன்று கிடையாது. நாலைந்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் நடந்த இலவச முகாமில் அவளுக்கும் சர்க்கரை என்று சொன்னார்கள். டாக்டரிடம் போகலாம் என்றேன். "ஒரே அடுப்புல சாப்பிடுறோம், ஒரே சீக்கு. உங்க மாத்திரைய எனக்கும் சேத்து வாங்கிட்டு வாங்க, போதும்" என்றாள். எனக்கும் அது வசதியாகத்தான் பட்டது. மாதாமாதம் என் சீட்டைக் காட்டி இரண்டு பங்கு வாங்கி வந்தேன். என்னுடைய ஒவ்வொரு செக்கப்புக்கும் கூடவே வருவாள். என் பெயரைக் கூப்பிட்டால் எனக்கு முன்னால் எழுந்து நிற்பாள். ஒரு தடவைகூட அவள் கையில் பிரஷர் பட்டை சுற்றியதில்லை.

அன்று காலை சோழவந்தானில் எங்கள் வீட்டு வாசல் தெளித்துவிட்டு வந்தவளுக்கு வேர்த்துக் கொட்டியது. நெஞ்சுவலி இல்லை. முதுகு பிடித்திருக்கிறது, வாய்வாக இருக்கும் என்று ஓமத்தண்ணீர் குடித்தாள். அப்படியே மதியம் சமைத்தும் போட்டாள். நானும் வெட்கமில்லாமல் ரசத்தில் உப்பு குறைச்சல் என்றேன். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் கார் பிடித்தேன்.

எத்தனை வருஷமாகச் சர்க்கரை, பிரஷர் உண்டா, கடைசியாக ரத்தம் பார்த்தது எப்போது என்று டாக்டர் வரிசையாகக் கேட்டார். சர்க்கரை நாலைந்து வருஷம் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என்னைப் பற்றி இதே கேள்விகளை அவளிடம் கேட்டிருந்தால், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லியிருப்பாள்.

மாரடைப்பு என்று சொல்லி, இதய ரத்தக்குழாயில் இருந்த அடைப்பை எடுத்தார்கள். அப்புறம் டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னார். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலி தெரியாமலே மாரடைப்பு வரலாமாம். வலி இல்லாததால் வந்து சேரவும் தாமதமாகும். தாமதமாக ஆக இதயத் தசை செத்துக்கொண்டே போகும். அவளுக்கு இதயத்தின் பம்பிங் குறைந்திருந்தது. கூடவே வயது, கட்டுப்படாத சர்க்கரை, யாரும் பார்க்காமல் விட்ட பிரஷர், தளர்ந்துபோன கிட்னி. இத்தனையும் சேர்ந்திருப்பதால் நுரையீரலில் நீர் கோக்கலாம், துடிப்பு தாறுமாறாகப் போகலாம், இந்த நாலைந்து நாள்தான் முக்கியம் என்றார். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன்.

மறுநாள் இரண்டு நிமிஷம் உள்ளே விட்டார்கள். மாஸ்க்கை லேசாக நகர்த்திக்கொண்டு அவள் கேட்டது, "மாத்திரை போட்டீங்களா?" என்பதுதான். போட்டேன் என்று பொய் சொன்னேன். வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்று அழுதேன்.

மூன்றாம் நாள் நீர் கோத்துப் பயமுறுத்தியது. பிறகு மெல்ல வடிந்தது. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தோம். அவள் பெயரில் புது ஃபைல் போட்டேன். தினமும் காலையில் அவளை எடைமெஷினில் நிற்கவைத்து எழுதுகிறேன். திடீரென்று எடை ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று அர்த்தமாம். ரசத்தில் உப்பு குறைச்சல்தான். நான் வாயைத் திறப்பதில்லை.

ஒரு மாதம் கழித்துச் செக்கப்புக்குப் போனோம். நர்ஸ் அவள் பெயரைக் கூப்பிட்டார். அவள் அசையவில்லை. இரண்டாவது தடவையும் கூப்பிட்டார். அவள் என் தோளைத் தட்டினாள்.

"எந்திரிங்க, கூப்பிடுறாக."

"ஒன்னத்தேன் கூப்பிடுறாக."

அவள் என் மடியிலிருந்த ஃபைலை எடுத்து, மேலே எழுதியிருந்த பெயரை ஒரு தடவை படித்துப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். நான் அவளுக்குப் பின்னால் போனேன்.