பன்னிரண்டரை அடி

காலை ஆறு இருபதுக்கு மனையில் முதலில் கண்ணில் பட்டவர் அப்பா. மனையின் நட்டநடுவில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வேட்டியில் சுண்ணாம்புத் தூள் சிந்தியிருந்தது. அளவு நாடாவின் ஒரு நுனி அவருடைய இடது கையில் இருந்தது. மறுநுனியை மேஸ்திரி பிடித்திருந்தார்.

அப்பாவால் அப்படி வெளியே வர முடியாது என்பதுதான் நாங்கள் வீடு கட்டுவதற்கே காரணம். பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் குடியிருந்தது மாடியில். கீழே முழுக்க வீட்டுக்காரரின் தறிகள்; அதையெல்லாம் கழற்றிவிட்டு எங்களைக் கீழே குடிவைக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலப்பக்கம் விழுந்த பிறகு, ஆஸ்பத்திரிக்கென்றால் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி, படி திரும்புகிற இடத்தில் சுவரில் முட்டாமல் சாய்த்து இறக்க வேண்டும். அன்றைக்கு இறக்கியவர்கள் என் கணவரும் ஒரு ஷேர் ஆட்டோக்காரரும். சென்னையில் இரவுப் பணியை முடித்துவிட்டு நான் நேராகச் செவிலிமேட்டு மனைக்கு வந்ததால் எனக்கு எதுவும் தெரியாது.

கணவரைப் பார்த்தேன். அவர் பக்கத்து வீட்டுச் சுவரை மிகுந்த அக்கறையோடு கவனித்துக்கொண்டிருந்தார்.

பிறகு தரையைப் பார்த்தேன். அஸ்திவாரம் தோண்டுவதற்காக முந்தின நாள் மாலை எஞ்சினியர் போட்ட சுண்ணாம்புக் கோடுகளைக் காலால் தேய்த்து அழித்திருந்தார்கள். இரண்டு பக்கமும் புதுக் கோடுகள் முக்கால் அடி உள்ளே நகர்ந்திருந்தன.

"இன்னாப்பா இது?"

"பதினொண்ணுமா," என்றார் அப்பா. "கரீக்டா பதினொண்ணு."

மனையின் அகலம் பதினான்கு அடி. இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர். எங்கள் சுவர்களுக்குப் பக்கத்துக்கு ஒன்பது அங்குலம் போனால் உள்ளே பன்னிரண்டரை அடி மிஞ்சும். அந்தப் பன்னிரண்டரைக்குள் ஒரு குடும்பத்தை அடுக்க நானும் கணவரும் ஒரு வருடம் சண்டை போட்டிருக்கிறோம். வங்கி தருவதாகச் சொன்ன கடனுக்கும் எஞ்சினியர் சொன்ன செலவுக்கும் நடுவே இருந்த பள்ளத்தில் ஒவ்வொன்றாகத் தள்ளினோம். நிலைக்கதவுக்குத் தேக்கு வேண்டாம், வேம்பு போதும். மாடியில் ஓர் அறைதான், அதுவும் பூசாமல். ஜன்னல்கள் இரண்டு குறைந்தன. கை வைக்காமல் விட்டது ஒன்றுதான்: கீழே, படிக்கட்டைத் தாண்டிப் பின்பக்கம், அப்பாவுக்கு ஓர் அறை. அறைக்கு முன்னால் நாற்காலி திரும்புகிற அளவுக்குக் குளியலறை. அங்கே போக மூன்றடி நடை. வாசலிலிருந்து கட்டில் வரை ஒரு படிகூட இல்லாத தரை.

அந்த மூன்றடி இப்போது ஒன்றரை அடியாகியிருந்தது.

தினசரிக் காலண்டரின் பின்னட்டையில் மனையடி சாஸ்திரம் போட்டிருப்பார்கள். ஓர் அறையின் உள் அளவு எத்தனை அடி, அதற்கு என்ன பலன் என்று. அதன்படி பதினொன்றுக்குப் பாலும் சோறும். பன்னிரண்டுக்குச் செல்வம் அழியும். பதிமூன்றுக்குப் பகை. நல்ல காலம் திரும்ப வர வேண்டுமென்றால் பதினாறடி வரை காத்திருக்க வேண்டும். அப்பாவுக்கு இது மனப்பாடம். இத்தனை மாதமும் அவர் பேசாமல் இருந்ததற்குக் காரணம், எங்கள் வரைபடம் மீட்டரில் இருந்தது. 3.81 என்பதற்கு எந்தக் காலண்டரிலும் பலன் இல்லை. முந்தின நாள் ராத்திரி கேட்டாரென்று என் கணவர் அதை அடியாக மாற்றிச் சொல்லியிருக்கிறார்.

"கேட்டாரு, சொன்னேன். இவ்ளோ தூரம் போவும்னு எனக்கு இன்னா தெரியும்?" என்றார் கணவர்.

"ரெண்டு பக்கமும் முக்கால் அடி சந்து விடப்போறோமா? அதுல யாரு நடக்கறது?"

"காத்து வரும்மா," என்றார் அப்பா.

"எலி வரும். அதுக்கு நாம லோன் கட்டணுமா?"

எஞ்சினியருக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டேன். தூக்கக் குரலில் அவர், "மேடம், டென்ஷன் ஆவாதீங்க. சொவரு அங்கியே இருக்கட்டும். ஹாலு, பின்ரூம் ரெண்டுலயும் ஒன்றரை அடிக்கு ஷெல்ஃப் அடிச்சிட்டா லெவன் வந்துடும். நெறைய பேருக்கு அப்டித்தான் பண்ணித் தரோம்," என்றார். நியாயமான யோசனை. நான் அப்பாவைப் பார்த்தேன்.

"புட்போர்டுல நிக்கறவனும் டிக்கெட்டு வாங்கணும்," என்றார் அப்பா. முப்பது வருடம் டவுன் பஸ் கண்டக்டராக இருந்தவர். "ஷெல்ஃபும் வூட்டுக்குள்ளதான் இருக்குது. யாரை ஏமாத்தறீங்க?"

மேஸ்திரி சிரித்துவிட்டு, நான் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

சொல்லிப் புரியாததைக் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். புதுக் கோட்டை வைத்தே படிக்கட்டு, நடை, குளியலறை எல்லாவற்றுக்கும் தரையில் செங்கல் அடுக்கச் சொன்னேன். மேஸ்திரி அடுக்கினார். கணவர் நாற்காலியைத் தள்ளினார். நடையின் வாயிலேயே இரண்டு சக்கரமும் செங்கல்லில் ஏறி, அடுக்கு சரிந்தது.

"பாத்ரூம கொறைச்சிடு," என்றார் அப்பா.

குறைத்து அடுக்கினோம். நாற்காலி நடையில் போனது. குளியலறைக்குள் நுழைந்தது. திரும்பவில்லை. கணவர் பின்பக்கமாகவே இழுத்து வெளியே கொண்டுவந்தார். ரிவர்ஸ் எடுக்கிற பஸ்ஸைப் பார்க்கிற மாதிரி அப்பா கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"செரி. எனக்கு ரூமு வேணாம். ஹால்லயே ஒரு ஓரமா படுத்துக்கறேன்."

"அப்பா, இந்த வீடே உங்களுக்குத்தான் கட்றோம்."

"எனக்கு இன்னாமா, ரெண்டு வருசமோ மூணு வருசமோ. அப்புறம் நீங்கதான இருக்கப்போறீங்க? பன்னெண்டர அடியில உங்கள வெச்சிட்டு நான் போவணுமா? நாம முன்ன இருந்த வூடு எத்தினி அடி தெரியுமா? பதிமூணு. உங்கம்மாவ அங்கேர்ந்துதான் தூக்கினு போனோம்."

"அம்மாவுக்குக் கிட்னி போச்சுப்பா."

"கிட்னி ஏன் போச்சி?"

இதற்கு எந்த டாக்டரும் பதில் சொல்லியிருக்க முடியாது. எனக்குத் தூக்கம் கண்ணை எரித்தது. பக்கத்து வீட்டு மாடியில் ஒருவர் பல் தேய்த்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்மா, ஏழரைக்கு ராகு காலம் வந்துடும்," என்றார் மேஸ்திரி. "ஆளுங்க சும்மா நின்னுக்கினு இருக்குறாங்க. எந்தக் கோட்டுல தோண்டறது, சொல்லிடு."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. கணவரும் பார்க்கவில்லை.

"பழைய கோட்டுல," என்றேன்.

மேஸ்திரி அப்பா பக்கம் ஒரு தடவை திரும்பிவிட்டு, குனிந்து புதுக் கோட்டை அழிக்க ஆரம்பித்தார். அப்பா நாடாவின் நுனியை விட்டார். அது சரசரவென்று தரையில் ஓடி மேஸ்திரியின் கைக்குள் சுருண்டது.

"அப்ப நான் வரலமா," என்றார். குரலில் கோபம் இல்லை. வண்டி அந்த ஸ்டாப்பில் நிற்காது என்று பயணியிடம் சொல்வதைப்போலச் சொன்னார்.

நான் நம்பவில்லை. கட்டி முடித்தால் வந்துவிடுவார் என்று எல்லோரிடமும் சொன்னேன். அவருக்காகக் குளியலறையில் இரண்டு பக்கமும் பிடிகம்பி வைத்தோம். கதவை அகலமாக்கினோம். கட்டிலின் உயரத்தை நாற்காலிக்குச் சமமாக அறுத்துக் குறைத்தோம். தையில் கிரகப்பிரவேசம். ஆட்டோவில் வந்தார். நாற்காலியிலேயே ஹால், நடை, குளியலறை, பின் அறை எல்லாம் போய்ப் பார்த்தார். எங்கும் இடிக்கவில்லை. "நல்லா கட்டிக்கிறான்," என்று மேஸ்திரியைப் பாராட்டினார். இலையில் இரண்டாவது தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு என் கணவரைக் கூப்பிட்டு, "மாப்ள, வெயிலு ஏறதுக்குள்ள என்னைக் கொண்டுபோய் வுட்டுடுங்க," என்றார்.

பிள்ளையார்பாளையத்து மாடிக்கு இன்னும் வாடகை கொடுக்கிறோம். பகலில் அப்பாவைக் கவனித்துக்கொள்ள ஓர் அம்மா வருகிறார். ராத்திரி எட்டு மணிக்கு என் கணவர் சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு அங்கே போய்ப் படுத்துக்கொள்கிறார்.