ஆளில்லாத தோட்டமும் முப்பத்தொரு அல்பங்களும்

கார் ஹீட்டரின் சூட்டில் ஹெயார் ஸ்ப்ரே மணமும் மல்லிகைச் சர மணமும் சேர்ந்தால் தலையைச் சுற்றும்... இரண்டாயிரங்களில் ஒஸ்லோவில் கலியாணம் முடித்த தமிழர்களுக்கு அந்த மணம் தெரியும். முன் சீட்டில் தலைப்பாகையை மடியில் வைத்தபடி மாப்பிள்ளை. பின் சீட்டில் கூறைச்சேலைக்கு மேல் குளிர் ஜாக்கெட், உள்ளே கம்பளிக் காலுறையுடன் பொம்பிளை.

போகும் இடம் ஒன்றே ஒன்றுதான். நகரின் தெற்கே ஹவுகெட்டோவிலிருந்து கொஞ்சத் தூரத்தில், காட்டோரம் நின்ற பழைய பண்ணை மாளிகை. நாங்கள் வைத்த பெயர் 'வெள்ளை வீடு'. வீடு பூட்டியே கிடக்கும். ஆனால் தோட்டமும், இருபக்கமும் லிண்டன் மரங்கள் நின்ற நீளப் பாதையும் எல்லோருக்கும் திறந்தவை.

என் கணவர் ரகு கிழமை நாட்களில் பஸ் ஓட்டினார். சனி, ஞாயிறு என்றால் கலியாணம், பெண்பிள்ளைகள் பெரியவளானால் செய்யும் சாமத்திய வீடு, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் அவர்தான் வீடியோ, அவர்தான் படம். சேலைக் கொசுவம் சரி செய்வதும், பொம்பிளையின் ஜாக்கெட்டைக் காவுவதும் என் வேலை.

ஒரு வசந்த காலத்தில் நகராட்சியிடமிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. வெள்ளை வீட்டை வாங்கிய கம்பனி அதை ஹோட்டலாக்கி, தோட்டத்தில் அடுக்குமாடி கட்டி, சுற்றிவர வேலி போடப் போகிறதாம். அந்த இடம் 'மார்க்கா' என்று சொல்லும் பாதுகாக்கப்பட்ட காட்டுப் பகுதிக்குள் வருவதால், மக்களின் கருத்தைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டுமாம்.

நான் அப்போது குழந்தைகள் காப்பகத்தில் வேலை. மதிய இடைவேளைகளில் அகராதியும் கையுமாக, உறைக்குள் இருந்த அறிக்கையை வாசித்தேன். பாதி விளங்கவில்லை. ஒரு வரி மட்டும் நன்றாக விளங்கியது... இந்தத் தோட்டத்தை ஏறக்குறைய யாருமே பயன்படுத்துவதில்லையாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இஞ்சேருங்கோ, அங்கை ஒருத்தரும் வாறேல்லையாம். அப்ப இவ்வளவு வருசமா நீங்கள் பேயையே படம் பிடிச்சனீங்கள்?"

"இதுக்கேன் கத்துறீர்? கசற்றைப் போட்டுக் காட்டினால் சரிதானே" என்றார் ரகு.

கீழ்வீட்டுப் பெரித் என்ற நோர்வேப் பெண்ணையும் கூப்பிட்டு இருத்திக் கசற்றைப் போட்டோம். முதல் கசற்றில் இதய வடிவத்துக்குள் இரண்டு முகம், சுற்றிவரத் தாஜ்மகால். இரண்டாவதில் ரோசாப்பூவுக்குள் பொம்பிளை, பின்னால் சுவிஸ் ஏரி. புதிதாக வாங்கிய எடிட்டிங் மெஷினில் பின்னணியை மாற்றி, ரகு தன் கைவண்ணத்தையெல்லாம் காட்டியிருந்தார். லிண்டன் மரம் ஒன்றுகூட மிச்சமில்லை. எடிட் செய்யாத கசற்றுகளிலோ, அடுத்தடுத்த கலியாணங்களை எடுத்துப் பழையவற்றை அழித்திருந்தார்.

பெரித் மரியாதையாகக் கேட்டாள், இது எந்த நாடு என்று. ரகு எழும்பிப் போய்க் கசற்றை நிறுத்தினார்.

நல்ல காலம், படங்களில் அவர் கை வைக்கவில்லை. ஆனால் அவை அந்தந்த வீட்டு அல்பங்களில் இருந்தன. எங்கள் ஆட்களின் வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி வரமுதல் மடிக்கு அல்பம் வரும்... எல்லோருக்கும் தெரிந்ததுதானே. ஆனால் அந்த அல்பத்தை வெளியே கொண்டுபோகக் கேட்டுப் பாருங்கள். ட்வெய்ட்டாவில் இருந்த வதனி அக்கா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டா.

"அல்பத்தைத் தரமாட்டன். வேணுமெண்டால் அல்பத்தோடை நானும் வாறன்."

அட, இது நல்ல யோசனையாக இருக்கிறதே என்று எல்லோரிடமும் அதையே கேட்டோம்.

பள்ளிக்கூட மண்டபத்தில், மக்களின் கருத்தைக் கேட்க நகராட்சி வைத்த கூட்டம். வழக்கமாகப் பத்துப் பதினைந்து பேர்தான் வருவார்களாம். அன்றைக்குக் கதிரை போதவில்லை. முப்பத்தொரு குடும்பம், மடியில் முப்பத்தொரு அல்பம். கம்பனிக்காரர் அழகான வரைபடங்களைக் காட்டி, ஆள் புழக்கமே இல்லாத இடம் என்று மறுபடியும் சொன்னார்.

பேச எனக்குத் தந்தது மூன்று நிமிடம். குழந்தைகளிடம் பழகிய நோர்வே மொழியில் இரண்டு வசனம் சொன்னேன். மூன்றாவதுக்கு வேண்டிய சொல் மறந்துபோனது. அத்தனை பேரையும் கூட்டிவந்துவிட்டு இப்படி நிற்கிறேனே என்று அழுகை வந்தது.

அப்போதுதான் வதனி அக்கா எழும்பினா. நேரே போய்க் கூட்டத் தலைவியின் மடியில் அல்பத்தை வைத்து, முதல் பக்கத்தையும் திருப்பிவிட்டு, தமிழிலேயே சொன்னா: "இதைப் பாருங்கோ."

பிறகென்ன... ஒவ்வொருவராக எழும்பினார்கள். அதிகாரிகளின் மடி நிரம்பியது. கம்பனிக்காரரையும் அக்கா விடவில்லை. "அவருக்கும் ஒண்டு குடுங்கோ, பாவம்."

பக்கங்கள் திரும்பின. பனிக்குள் சிவப்புக் கூறைச்சேலை. மஞ்சள் இலைகளுக்கு மேல் தாவணியோடு ஒரு பிள்ளை. அதே லிண்டன் பாதையில் முதல் பிறந்தநாள், பத்தாம் பிறந்தநாள். தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது வருடத்தில் எத்தனை முறை?"

"ஒவ்வொரு சனிக்கிழமையும்" என்றேன். இந்த முறை சொல்லைத் தேட வேண்டியிருக்கவில்லை.

மூன்று நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. யாரும் மணி அடிக்கவில்லை. எங்களோடு வந்திருந்த பெரித்தான் முதலில் கைதட்டினாள், பிறகு முழு மண்டபமும்.

சில மாதம் கழித்து முடிவு வந்தது. அடுக்குமாடி இல்லை, வேலி இல்லை. வீட்டைத் திருத்தலாம், தோட்டமும் பாதையும் எல்லோருக்கும் திறந்தே இருக்கும். காரணம் எழுதிய இடத்தில், ஒஸ்லோவாசிகள் வருடம் முழுவதும் பயன்படுத்தும் இடம் என்று போட்டிருந்தது. அதுவரை வந்த கடிதங்களில் நாங்கள் அகதி, இல்லாவிட்டால் வெளிநாட்டவர். அந்த ஒரு சொல்லுக்காகக் கடிதத்தை நான்கு முறை வாசித்தேன். ரகு ஒவ்வொரு வீட்டுக்கும் போன் எடுத்து வாசித்துக் காட்டினார்.

இப்போது எல்லோரின் போனிலும் ஆயிரக்கணக்கில் படம். வீட்டுக்குப் போனால் மடிக்கு எதுவும் வருவதில்லை, தேத்தண்ணி மட்டும் வருகிறது. அது கொஞ்சம் கவலைதான்.

போன இலையுதிர் காலத்தில் எங்கள் மகளின் கலியாணம். படம் எடுக்க அங்கே போனால், பாதை வாசலில் லைன். முன்னால் ஒரு சோமாலிச் சோடி, அதற்கு முன்னால் ஒரு நோர்வேச் சோடி, இரண்டு படப்பிடிப்புக்காரர்கள். ரகுவுக்குப் பொறுக்கவில்லை.

"எங்கடை இடத்திலை எங்களுக்கே லைனோ?"

நாற்பது நிமிடம் காத்து நின்றோம். மகளின் ஜாக்கெட் என் கையில்தான் இருந்தது. எனக்கென்றால் அந்த லைன் இன்னும் நீளமாக இருந்தாலும் சந்தோசமாக நின்றிருப்பேன்.