தெய்வம் அண்ணன் வீட்டுத் துக்கம்

போன வாரம் கடைவீதியில் கைப்பேசியைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் ஈயத்தை உருக்கிப் பற்றவைத்தார். அந்தப் புகை மூக்கில் ஏறியதுதான் தாமதம், எனக்குப் பொல்லாத கோபம் வந்துவிட்டது. மனுஷன் என் முகத்தைப் பார்த்துப் பயந்து, "ரேட்டு ஜாஸ்தியா சொல்லலீங்கம்மா" என்றார். அவர் மேல் எனக்கென்ன கோபம். இது நாற்பது வருஷத்துப் பழைய சரக்கு. ஈயப் புகை பட்டால் கிளம்பிவிடும்.

ஈயப் புகை என்றால் எனக்குத் தெய்வம் அண்ணன். முழுப்பெயர் தெய்வசிகாமணி. எழுபதுகளின் கடைசியில் காரைக்காலில் எங்கள் தெருவில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். கறுப்புச் சட்டைக்காரர். கடவுள் இல்லை என்று தெருமுனையில் மேடை போட்டுச் சொல்கிறவர்களில் ஒருவர். அப்படிப்பட்டவருக்கு இப்படி ஒரு பெயர்! மாற்றிக்கொண்டால் என்ன என்று கேட்டால், "பேரு எங்கப்பா வச்சது, கொள்கை நான் வச்சது" என்பார். ஊர் சும்மா இருக்குமா? வேண்டுமென்றே கடை வாசலில் நின்று "தெய்வம் இருக்காரா?" என்று கேட்பார்கள். உள்ளேயிருந்து அவர் மனைவி சரோஜா அக்கா, "தெய்வம் இல்லீங்க, மண்டபத்தூருக்குக் கொழா கட்டப் போயிருக்கு" என்று சிரிக்காமல் பதில் சொல்வார்.

எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்கும் அவருடைய குழாய் ஒலிபெருக்கிதான். நாங்கள் கத்தோலிக்கர்கள், பங்குச் சாமியாரைச் 'சாமி' என்றுதான் கூப்பிடுவோம். ஆக, திருவிழா நாட்களில் தெய்வமும் சாமியும் சேர்ந்து வேலை பார்ப்பார்கள். கொடியேற்றத்தன்று அண்ணன் கறுப்புச் சட்டையோடு மணிக்கூண்டில் ஏறிக் குழாயைக் கட்டிவிட்டு இறங்கி வந்து, மைக்கில் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சோதனை பார்ப்பார். சாமி பக்கத்தில் வந்து நிற்பார்.

"மூணோட நிறுத்திட்டீங்களே தெய்வம். பிதா, சுதன், பரிசுத்த ஆவிதானே?"

"அடுத்த தரம் நாலு வரைக்கும் எண்ணிப்புடுறேன் சாமி."

"சாமியே இல்லேங்கிறீங்க, என்னை மட்டும் சாமிங்கிறீங்க?"

"நீங்க இருக்கீங்களே, கண்ணால பாக்குறனே."

இரண்டு பேரும் அப்படிச் சிரிப்பார்கள். கோயிலில் சாமிக்கு உதவியாக இருந்த உபதேசியார் முகம் சுண்டைக்காயாகச் சுருங்கிவிடும். எங்கள் அம்மாவுக்கும் அந்தச் சிரிப்பு பிடிக்காது. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். அந்தப் பென்ஷனும், டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்து நான் வாங்கிய சம்பளமும்தான் எங்கள் குடித்தனம். அம்மா மாதா சபையில் பெரிய ஆள். கறுப்புச் சட்டைக் கூட்டம் நடக்கிற அன்று ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, அந்தச் சத்தத்துக்கு மேல் சத்தமாகச் செபமாலை சொல்வார். பக்தியா போட்டியா என்று எனக்குச் சந்தேகம் வரும். வாய்விட்டுக் கேட்டதில்லை, அடி விழும்.

தெய்வம் அண்ணனுக்கு ஒரே மகள், தமிழரசி. ஒன்பது வயது. கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் கல்கல் பொரிக்கும்போது சட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அம்மாவும் ஆறிய கல்கலை அதன் பாவாடை மடியில் அள்ளிப் போடுவார். அந்தக் கையை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் பிறகு நடந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒரு மழைக்காலத்தில் மூளைக்காய்ச்சல் வந்து அந்தக் குழந்தை செத்துப்போனது. செய்தி வந்தபோது அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"இப்பவாச்சும் புத்தி வரட்டும். சாமி இல்லேன்னு சொன்ன வாய்க்கு ஆண்டவர் போட்ட தண்டனை."

"உங்க கையால வாங்கித் தின்ன புள்ளைம்மா அது!"

"நான் என்ன பொய்யா சொல்றேன்? நீயும் அங்க போவக் கூடாது."

நான் போனேன். அம்மா செத்துப் பல காலமாகிவிட்டது, செத்தவர்களைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். நான் சொல்வேன். ஒரு மனுஷனை அடக்குவதற்காக ஒன்பது வயசுப் பிள்ளையைக் கொல்கிற கடவுளை என் அம்மா கும்பிட்டார் என்றால், அந்தக் கடவுளை இல்லை என்று சொல்ல எனக்குக் கறுப்புச் சட்டை தேவையில்லை.

அங்கே போனால் அது இன்னொரு கூத்து. திருமலைராயன்பட்டினத்திலிருந்து வந்திருந்த கறுப்புச் சட்டைப் பேச்சாளர் ஒருவர், குழந்தையின் தலைமாட்டில் நின்று முழங்கிக்கொண்டிருந்தார். இங்கே சடங்கு இல்லை, சாத்திரம் இல்லை, ஊரே பார்த்துக்கொள் என்று. சரோஜா அக்கா மாரில் அடித்துக்கொண்டு, "கடவுளே, எம் புள்ளையைக் குடுத்துடு" என்று கதறிவிட்டார். பேச்சாளர் பேச்சை நிறுத்திவிட்டு, "அம்மா, அந்த வார்த்தை வேணாம். நாலு பேரு பாக்குறாங்க" என்றார். பெற்றவளுக்கு அழுகையில் கூடத் திருத்தம்! அங்கேயே அந்த ஆளை அறைந்திருக்க வேண்டும் என்று இப்போதும் கை துறுதுறுக்கிறது.

அந்த நேரத்தில்தான் சாமி சைக்கிளில் வந்து இறங்கினார். வெள்ளை அங்கி முழங்கால் வரை சேறு. வேலிக்கு வெளியே நின்ற எங்கள் கோயில்காரர்கள், இப்போது செபம் சொல்வார், தெய்வம் தலை குனியும் என்று காத்திருந்தார்கள். உள்ளே இருந்தவர்கள், செபம் சொல்லட்டும், வெளியே பிடித்துத் தள்ளலாம் என்று காத்திருந்தார்கள். குழந்தை யாருக்கும் ஞாபகம் இல்லை.

எங்கள் பக்கம் துக்கம் கேட்க வருகிற ஆண்கள் வாயைத் திறக்க வேண்டியதில்லை. இரண்டு கையையும் நீட்டுவார்கள், துக்க வீட்டுக்காரர் அதைத் தொடுவார். சாமி கையை நீட்டினார். அண்ணன் தொட்டார், தொட்டவர் விடவே இல்லை. "எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல தெய்வம்" என்றார் சாமி. அவ்வளவுதான். சிலுவை போடவில்லை, செபம் சொல்லவில்லை. சேற்றிலே கூடவே நடந்து இடுகாடு வரைக்கும் வந்தார்.

மறுநாள் பூசை முடிந்ததும் மாதா சபைப் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். முன்னால் நின்றது எங்கள் அம்மா.

"ஒரு செபமாச்சும் சொல்லியிருக்கலாமே சாமி?"

"ராத்திரி ரூம்ல சொன்னேம்மா. அது எனக்கும் ஆண்டவருக்கும். அவரு வீட்டுல போயி அவரை ஜெயிக்கிறதுக்கா நான் போனேன்?"

நியாயமான பேச்சுக்கு எங்கே மரியாதை? மேலிடத்துக்கு மனு போயிற்று. நாத்திகன் வீட்டுப் பிணத்துக்குப் பின்னால் அங்கியோடு போனார் என்று. அடுத்த திருவிழாவுக்குள் சாமியை மாற்றிவிட்டார்கள். மைக் செட்டும் வேறு ஆளுக்குப் போனது. சரி, அவர்கள் பக்கமாவது அண்ணனைத் தாங்கினார்களா? "அங்கிக்காரனை எதுக்கு வீட்டுக்குள்ள விட்டீங்க?" என்று கூட்டம் கூட்டிக் கேட்டார்கள். "துக்கத்துக்கு வந்தவரை வாசல்ல நிறுத்தச் சொல்றதுதான் கொள்கைன்னா, அதை நீங்களே வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு அண்ணன் எழுந்து வந்துவிட்டார். அதோடு அந்தக் கூட்டங்களும் கைவிட்டுப் போயின. குழாய்களை விற்றுவிட்டு, ஈயப் புகையில் ரேடியோ பழுதுபார்க்க உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் சேர்ந்து அடித்தார்கள். அந்த ஒரு காரியத்தில் மட்டும் அப்படி ஓர் ஒற்றுமை!

எண்பதுகளின் நடுவில் அம்மா இறந்தார். ஆண்கள் வாசலில் வந்து தயங்கி நின்றார்கள். கையைத் தொட எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. தெய்வம் அண்ணன் வந்தார், யாரையும் பார்க்காமல் நேரே என்னிடம் கையை நீட்டினார். நான் தொட்டேன். "அம்மா உங்க வீட்டுக்கு வரல அண்ணே" என்று அழுதுவிட்டேன்.

"தெரியும்மா. அதுக்காவ நான் வராம இருந்துட முடியுமா?" என்றார்.

அந்தப் பெருந்தன்மை எனக்கு ஆறுதலாக இல்லை. அவர் என் அம்மாவை நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

இன்று கோயிலுக்குச் சொந்தமாக ஒலிபெருக்கி வந்துவிட்டது, மேடைக்காரர்களுக்கும் வந்துவிட்டது. ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கத் தேவையில்லை. அண்ணனும் அக்காவும் இல்லை. சாமி எங்கோ ஒரு முதியோர் இல்லத்தில் இறந்ததாகக் கேள்வி, இங்கே அவருக்காக மணிகூட அடிக்கவில்லை. மனு எழுதியவர்கள், முழங்கியவர்கள், எல்லோரும் நல்லபடியாகவே வாழ்ந்து செத்தார்கள். அவர்களில் ஒருவர்கூடக் கடைசிவரை அந்த வீட்டு வாசலில் போய்த் "தப்புதான் தெய்வம்" என்று சொல்லவில்லை. இப்போது யாராவது சொல்ல நினைத்தாலும், கேட்பதற்குத் தெய்வம் இல்லை.