ஒரு பருந்து பாக்கி

செத்துப்போன மாயகிருஷ்ணன் இன்னும் பருந்து எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று பங்குனி மாதத்தில் கோவில்பட்டியில் ஒரு பேச்சு கிளம்பியது. வெறும் பேய்க்கதை என்றால் யாரும் அலட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். இந்த வட்டாரத்தில் பேய்களுக்குப் பஞ்சமில்லை. இது தினமும் சாயங்காலம் ஆறே முக்காலுக்கு வாட்ஸ்அப்பில் எண் போடுகிற பேய்.

குழுவின் பெயர் ‘கரிசல் பறவைகள்’. உறுப்பினர்கள் எழுபத்திரண்டு பேர். அதில் பறவை பார்க்கிறவர்கள் ஒன்பது பேர். மற்றவர்கள் காலை வணக்கம் அனுப்புகிறவர்கள். அந்த ஒன்பதில் ஒருவரான மணிகண்டபிரபு, நாகலாபுரத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்றைப் பார்த்தார். ஆயுள் முழுக்க ஆடு மேய்த்த மாயகிருஷ்ணனின் போஸ்டர். பசைக்கு ஆசைப்பட்ட ஏதோ ஒரு வெள்ளாடு கீழ்ப்பாதியைத் தின்றிருந்தது. தேதி போய்விட்டது, முகமும் பெயரும் மிச்சம். அதைப் படமெடுத்துக் குழுவில் போட்டார். நாற்பது பேர் கும்பிட்ட கைகளை அனுப்பினார்கள். அன்று மாலை, அஞ்சலி பெற்றுக்கொண்டவரின் நம்பரிலிருந்தே ‘11’ என்று வந்தது. பழக்கதோஷத்தில் மூன்று பேர் அதற்குக் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

குழுவுக்கு நிர்வாகி பாத்திரக்கடை பூவனலிங்கம். எவர்சில்வர் வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டுப் பறவைகளைத் தன்னிடம் வைத்துக்கொண்டவர். செத்தவர் நம்பரைக் குழுவிலிருந்து நீக்குவது நிர்வாகியின் வேலை. ஆனால் எண் போடுகிறவரை எப்படிச் செத்தவர் என்று நீக்குவது? நாலைந்து நாள் தள்ளிப்போட்டுவிட்டு, ஒரு ராத்திரி உட்கார்ந்து பழைய செய்திகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒன்பது வருடக் கணக்கு. 18, 24, 32, 40. அத்தனையும் இரட்டைப்படை. இந்தத் தை மாதம் எட்டாம் தேதி 46. அதுவே இத்தனை வருடத்தில் அதிகம் என்று நாடு முழுவதற்குமான பறவைப் பட்டியலில் பூவனலிங்கமே ஏற்றியிருந்தார். பிறகு பதினாறு நாள் ஒன்றுமில்லை. அதன்பின் 39, 37, 30, 23. பேய்க்கு ஒற்றைப்படை வந்திருந்தது.

மறுநாள் மத்தியானம் விளாத்திகுளம் ரோட்டில் பைக்கை விட்டார்.

ஒன்பது வருடத்துக்கு முன் அவர் முதன்முதலில் மாயகிருஷ்ணனைப் பார்த்தது அந்த ரோட்டை ஒட்டிய தரிசில்தான். பூனைப்பருந்துகள் ஐப்பசியில் வடக்கே எங்கோ பனிநாட்டிலிருந்து வந்து, கரிசல் காட்டில் வெட்டுக்கிளி பிடித்துத் தின்று, பங்குனியில் திரும்பிவிடும். அவை எங்கே தூங்குகின்றன என்று கழுத்தில் பைனாகுலரோடு வேலிக்கருவை மரம் மரமாகத் தேடிக்கொண்டிருந்தார் பூவனலிங்கம்.

“என்ன அண்ணாச்சி, மரத்துல என்ன தொலைச்சிய?” என்றார் ஆடுகளுக்கு நடுவே நின்றவர். “அதுக தரையில படுக்குத சாதி. அந்தா, அந்தப் புல்லுக்குள்ள.”

அன்றிலிருந்து அவர்தான் கணக்கர். மூன்று மணியானால் ஆடுகளை அந்தப் புல்லைவிட்டு ஓட்டிவிடுவார். ஊரில் ‘பருந்துக்குக் கிடை போட்டவன்’ என்று பெயர். கழுகுமலைப் பக்கம் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்து, வாக்கப்பட்டு இங்கே வந்த அவர் மனைவி சத்தியபாமா, பெயருக்கேற்பச் சண்டை போட்டாள். “ஆட்டுக்குப் புல்லு இல்லை, பருந்துக்கு மெத்தையா?” என்று அவள் கேட்டதைப் பூவனலிங்கமே இரண்டு தடவை காதால் கேட்டிருக்கிறார்.

இப்போது பைக்கை நிறுத்தியபோது, அதே சத்தியபாமா அதே புல்லிலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டிருந்தாள். இருபது ஆடுதான். முன்பு அறுபது இருந்தது.

“வாங்க அண்ணாச்சி. எப்ப வருவியன்னு பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“தாயி... எப்ப நடந்துச்சு?”

“தை ஒன்பது. வெள்ளன, பட்டியத் திறக்கப் போனாவ. நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு உக்காந்தாவ. அவ்வளவுதான்.”

“எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?”

“சொன்னா என்ன செய்வீய? ஒரு கும்பிடு போட்டுட்டு நம்பர எடுத்துப்போடுவீய.”

அதைச் செய்யத்தான் அவர் வந்திருந்தார். அதனால் பைனாகுலர் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

“எடுத்துப்போட்டுறாதீய அண்ணாச்சி,” என்றாள். “கருமாதி முடிஞ்சி சொந்தக்காரவிய அவிய பேச்சையே விட்டாச்சு. மகளும் போன்ல ‘நீ சாப்பிட்டியாம்மா’ம்பா, வச்சிருவா. நீங்க மட்டுந்தான் தெனமும் பொழுதடைய ‘நன்றி மாயண்ணன்’னு போடுதிய. நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ரெண்டு மூணு வாட்டி படிப்பேன்.”

அந்த ‘நன்றி மாயண்ணன்’ குழுவில் யாரோ எப்போதோ தொடங்கிவைத்தது. கை தானாகப் போடும். அது ஒரு வீட்டில் விளக்கேற்றுகிற நேரத்தில் படிக்கப்படுகிறது என்பது பூவனலிங்கத்துக்குப் புதுச்செய்தி.

பேச்சை மாற்ற, ஒற்றைப்படையைப் பற்றிக் கேட்டார்.

“அவிய ஆட்டுக்காரவியல்லா. பட்டிக்குள்ள அடைக்கையில சோடி சோடியாத்தான் எண்ணுவாவ. பருந்தையும் அப்படித்தான். ஒண்ணு மிஞ்சினா போட மாட்டாவ. ஒத்தையா எழுதினா அதோட சோடி செத்துட்டுன்னு எழுதுத மாதிரியாம். ‘பாக்கி ஒண்ணு கெடக்கு, நாளைக்குச் சேத்துக்கிடுவோம்’பாவ.”

“அதுக இங்கன சோடியா வாரதே இல்லியே தாயி. சோடி சேருதது எல்லாம் வடக்கதான்.”

“அது உங்க பொஸ்தகத்துல.”

“நீ ஏன் அப்படி எண்ணலை?”

அவள் மடியைப் பிரித்துக் காட்டினாள். பத்துப் பதினைந்து ஆட்டுப் புழுக்கை. ஒரு பருந்து இறங்கினால் ஒன்றை எடுத்துக் கீழே போடுவாள். டெல்லியில் யாரோ வரைபடம் போடுகிற கணக்கு அதுதான்.

“ஒத்தையா வாரதையும் ஒண்ணுன்னுதான எண்ணணும்?” என்றாள்.

பிறகு, கேட்க வேண்டியதை அவளும் கேட்டுவிட்டாள். தை எட்டாம் தேதி மாயகிருஷ்ணன் நாற்பத்தாறு போட்டாரே, அன்றைக்கும் ஒன்று மிஞ்சியது. ராத்திரி கூழ் குடிக்கும்போது, “பாக்கி ஒண்ணு இருக்கு” என்று சொல்லிவிட்டுப் படுத்தார். விடிந்து அதைச் சேர்க்க ஆள் இல்லை.

“அந்த நாப்பத்தாற நாப்பத்தேழாக்கிருங்க அண்ணாச்சி.”

“அது ஏத்தியாச்சே தாயி. கண்ணால பாத்தவங்க சொன்னாத்தான் திருத்த முடியும். நீ பாத்தியா?”

“இல்லை. அவிய பாத்தாவ.”

“அவியட்டக் கேக்க முடியாதுல்லா...”

“என்ட்டச் சொன்னாவல்லா. நீங்க அவிய சொன்னத ஒன்பது வருசமாக் கேட்டியளே, அப்ப நீங்க பாத்தியளா?”

எவர்சில்வர் கடையில் முப்பத்தைந்து வருடம் பேரம் பேசிய மனிதர், “பாத்துச் சொல்லுதேன்,” என்றார். கடனுக்குச் சரக்கு கேட்கிறவர்களிடம் சொல்கிற அதே குரல் என்று அவருக்கே பட்டது.

பொழுது சாய்ந்தது. மேற்கே ஒரு கூட்டம் சூறைக்குருவிகள், மூட்டை கட்டியாயிற்று என்பதுபோல் ஒரே திசையில் போயின. புல்லுக்கு மேல் வானம் வெறுமையாக இருந்தது. முந்தின நாள் மூன்று வந்ததாம். அதற்கு முந்தின நாள் ஏழு.

கடைசியில் ஒன்று வந்தது. ஆண், சாம்பல் வெள்ளை, இறக்கை நுனியில் மட்டும் கறுப்பு. புல்லை உரசுகிற மாதிரி மூன்று சுற்றுச் சுற்றியது. படுக்க இடம் தேடுகிறதா, ஆள் தேடுகிறதா என்று பைனாகுலரில் தெரியவில்லை. சட்டென்று காலை நீட்டிப் புல்லுக்குள் இறங்கியது. சத்தியபாமா ஒரு புழுக்கையைக் கீழே போட்டாள்.

“இரு தாயி. இன்னொண்ணு வரும்,” என்றார் பூவனலிங்கம்.

இருட்டுகிறவரை இருந்தார்கள். வரவில்லை.

அவள் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு ‘1’ என்று போட்டு அனுப்பினாள். உடனே பூவனலிங்கத்தின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்காமலே பைக்கை உதைத்தார்.

“அண்ணாச்சி, அந்த ஒண்ணு...”

தலைக்கவசத்துக்குள் ஏதோ தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், ‘நன்றி மாயண்ணன்’ என்று ஐந்து பேர். அதில் நான்கு பேர் முந்தின வாரம் கும்பிட்ட கைகள். நம்பரை அவர் நீக்கவில்லை. யாரிடமும் ஒன்றும் சொல்லவுமில்லை. பட்டியலைத் திறந்து 46ஐப் பார்த்தார். ‘நேரில் பார்த்தவர் பெயர்’ என்ற கட்டத்தைப் பார்த்தார். மூடிவிட்டார்.

இப்போது சித்திரை. கடைசிப் பருந்தும் போய் மூன்று வாரம் ஆகிறது. ஊரில் புதிதாக ஒரு பேச்சு: பருந்துகள் மறுபடி வந்துவிட்டன, அதுவும் இதுவரை இல்லாத கூட்டம் என்று. மணிகண்டபிரபு கேமராவோடு கிளம்பத் தயாராகிக்கொண்டிருக்கிறார். காரணம், தினமும் ஆறே முக்காலுக்கு மாயகிருஷ்ணன் நம்பரிலிருந்து வருகிற எண்.

47.

பூவனலிங்கம் தினமும் அதைப் பார்க்கிறார். பார்த்தவர்கள் வரிசையில் அவர் பெயரும் நீலக்கோடு இரண்டும் அவளுக்குத் தெரியும். பட்டியலில் இன்னும் 46தான் இருக்கிறது.