கோயில் நூலும் குளிர்க் கையுறையும்

டென்மார்க்கின் ஓல்போர்க்கில் கடலோரமாக ஒரு சின்னப் பட்டறை. குளிர்த் தண்ணீரில் இறங்கும் சுழியோடிகளுக்கு, உள்ளே நீர் புகாத உடுப்பும் கையுறையும் செய்கிறோம். எனக்கு அங்கே றப்பர் ஒட்டும் வேலை. பள்ளிக்கூடத்தில் எதுவும் மண்டையில் ஒட்டாததால் கடவுள் பார்த்துத் தந்த வேலை என்று சொல்லிக்கொள்வேன்.

பிறகு முதலாளி என்னைச் சோதனை ஆளாகவும் ஆக்கினார். அவர் டெனிஷ்காரர். இந்த நாட்டுக்காரர்கள் ஜனவரியில் கடலில் குளித்துவிட்டு நல்லாயிருக்கு என்பார்கள். அவர்களிடம் கையுறை குளிருதா என்று கேட்டு என்ன பயன்? நானோ கடையில் பால் எடுக்கக் குளிர்ப்பெட்டியைத் திறந்தாலே ஜாக்கெட் சிப்பை மேலே இழுப்பவன். எனக்கே குளிராத உடுப்பு எவருக்கும் குளிராது என்று கணக்குப் போட்டு, தன் செலவில் சுழியோடப் பழக்கிவிட்டார்.

மனைவிக்கு இது பிடிக்கவில்லை. தண்ணீரில் இறங்குகிற மனுசன் என்று அர்ச்சனை செய்து, என் வலது கையில் கோயில் நூல் கட்டிவிட்டாள். திருவிழாவுக்குத் திருவிழா புதியது கட்டுவாள், பழையதை அறுக்க விடமாட்டாள். நூல் தடித்துக் கயிறாகி, ஒரு வாலும் விட்டிருந்தது.

போன குளிர்காலம் ஒரு பிள்ளை பட்டறைக்கு வந்தாள். மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பம், வேதக்காரர். அவள் பிறந்தது இங்கேதான். கடலடியில் புல் எப்படி வளர்ந்திருக்கிறது என்று இறங்கிப் பார்த்து எழுதுவது அவள் தொழில். குளிரில் அவள் விரல்களுக்கு இரத்தம் ஓடாது. சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெளுத்து உணர்ச்சியே போய்விடும். தண்ணீருக்கடியில் உடுப்புக்குள் காற்று விடும் பொத்தானை அமத்தக்கூட விரல் வராது. அது விளையாட்டில்லை, காற்று விடாவிட்டால் உடுப்பு உடம்பை நசுக்கி ஆளைக் கீழே இழுக்கும். இன்னொரு தரம் அப்படி நடந்தால் சுழியோடுவதை விட்டுவிட வேண்டியதுதான் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். சிரித்துக்கொண்டுதான் இதைச் சொன்னாள். கோப்பிக் கோப்பையை மட்டும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் ஒரு பகிடி விடப் பார்த்தேன், வரவில்லை.

முதலாளி அவளுக்காகத் தடித்த கையுறை செய்தார், உள்ளே இரட்டைக் கம்பளி வைத்தார். நான் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு இறங்கினேன். மேலே சூடாக இருக்கும். ஆழம் போகப் போகத் தண்ணீர் கையுறையை நசுக்கி, உள்ளே இருக்கிற கம்பளி காகிதம் மாதிரிச் சப்பையாகிவிடும். ஏறி வந்து தூசண வார்த்தையைத் தவிர மற்றதெல்லாம் சொல்வேன். முதலாளி தலையை ஆட்டிவிட்டு மறுபடி வெட்டத் தொடங்குவார்.

ஒரு நாள் ஏறி வந்தபோது இடது கை வழக்கம்போலச் செத்திருந்தது. வலது கை வெதுவெதுவென்று இருந்தது. பக்கவாதம்தான் தொடங்குகிறதோ என்று பயந்தேன். பிறகுதான் விளங்கியது. உடுப்பையும் கையுறையையும் பிரிக்க மணிக்கட்டில் ஒரு றப்பர் பட்டி இருக்கிறது. அதற்கடியில் ஒரு தலைமயிர்கூடக் கிடக்கக்கூடாது என்பது பட்டறைச் சட்டம். கை மணிக்கூட்டைக் கழற்றிவிட்டு, நூலை மட்டும் முழங்கைப் பக்கம் தள்ளியிருந்தேன். எனக்குக் கடலை விட மனைவியில்தான் பயம். அன்று நூலின் வால் வழுகி வந்து றப்பருக்கடியில் கிடந்தது.

ஒளிக்கப் பார்த்தேன். சோதனை பார்க்க வந்திருந்த பிள்ளை கண்டுவிட்டாள்.

"எந்தக் கை சூடு, அங்கிள்?"

"வலது. அது கொம்பனியின்ர கெட்டித்தனமில்லை, பிள்ளை. என்ர மனுசியின்ர."

அவள் சிரிக்கவில்லை. நூலின் வாலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, முதலாளியிடம் டெனிஷில் படபடவென்று கதைத்தாள். உடுப்புக்குள் இருந்த சூடான காற்று நூலோரமாகக் கையுறைக்குள் போயிருக்கிறது, அதனால்தான் அது நசுங்கவில்லை என்றாள். சிலர் இப்படிச் செய்வது தனக்கும் தெரியும், பயத்தில்தான் செய்யவில்லை என்றார் முதலாளி. சிப்பி கையுறையைக் கிழித்தால் தண்ணீர் அதே வழியால் உடுப்புக்குள்ளும் வருமாம்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "உடுப்பு நனைஞ்சா வீட்ட போய் மாத்துவன். விரல் போனா என்னத்தை மாத்திறது, அங்கிள்?"

மனைவிக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப அந்தப் பிள்ளையை வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஐயர் ரெண்டு கையிலயும் கட்டிவிடுவார்."

"அது வேதக்காரப் பிள்ளையப்பா."

"குளிருக்கு அது தெரியுமே?"

பிள்ளை இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா அறிந்தால் செபமாலையாலேயே அடிப்பா என்றாள். கடைசியில் பட்டறையிலேயே பருத்தி நூலை முறுக்கி இரண்டு துண்டு செய்தோம்.

அவள் இறங்கிய நாள் கரையோரம் மெல்லிய பனிக்கட்டி மிதந்தது. துணைக்கு முதலாளியும் இறங்கினார். நான் படகுத்துறையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, குமிழி வருகிறதா என்று பார்த்தபடி நின்றேன். கும்பிடுவதா சிலுவை போடுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

ஏறி வந்து பலகையில் இருந்தாள். கையுறையைக் கழற்ற என்னை விடவில்லை, தானே கழற்றினாள். எட்டு விரல்கள் சிவப்பு. இடது கையில் சின்ன விரலும் அதற்கடுத்ததும் வெள்ளை. முதலாளி குனிந்து பார்த்து, இடது நூல் கட்டை, இன்னும் நீட்ட வேண்டும் என்றார். அவள் பத்து விரலையும் மடக்கி மடக்கி விரித்தாள். வெள்ளை இரண்டும் மற்றவைக்குப் பிந்தித்தான் மடங்கின. ஆனால் மடங்கின.

"பொத்தானை அமத்த ஏலுமாயிருந்ததோ?" என்று கேட்டேன்.

"ஓம் அங்கிள். ஒவ்வொரு தரமும்."

பிறகு தன் தொலைபேசியைக் கேட்டாள். நான் எழுதித் தரவா என்றேன். எனக்கு டெனிஷ் எழுத வராது என்பது அவளுக்குத் தெரியும். அவளே பெருவிரலால் தட்டி அலுவலகத்துக்கு எழுதினாள், திங்கட்கிழமை புல் பார்க்கத் தானே இறங்குவதாக.