கற்பனைப்பட்டியில் ஆட்குறைப்பு

பணி ஓய்வுக்குப் பிறகு நகராட்சி அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கப் போனேன். தொழில் படுத்து, வரி வராத காலத்தில் நகராட்சியை எப்படி நடத்துவது என்பதுதான் பாடம். நாமக்கல்லில் இரண்டு நாள், ஏ.சி. மண்டபம், வந்தவர்களுக்கெல்லாம் பொன்னாடை. சிக்கனம் என்ற சொல்லை நான் முதலில் உச்சரித்தபோது என் தோளிலும் ஒன்று கிடந்தது.

காலையில் ஒரு மாதிரிக் கணக்கு. ஊர் பெயர் கற்பனைப்பட்டி. லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கு ஆர்டர் இல்லை, வரி வரவில்லை, எதைக் குறைப்பீர்கள்? 'ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களை நிறுத்துதல்' என்று ஸ்லைடில் முதல் வரியாகப் போட்டிருந்தேன். அவசரக்காரர்கள் பிடித்துக்கொள்ளும் தப்பான விடை அது. குப்பை தேங்கி, காய்ச்சல் பரவி, மிச்சம் பிடித்ததைவிட அதிகம் செலவாகும் என்று மதியம் விளக்குவதாகத் திட்டம்.

நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. திரையில் எது தெரிந்தாலும் செல்போனில் படம் பிடித்து ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்கள். பக்கத்து ஊர் ஆணையர் ஒருவரும் போட்டார். ஆணையர் அனுப்பினால் அது உத்தரவுதானே? இங்கே சாப்பாட்டுக்கு இலை போடுவதற்குள் அங்கே ஆட்களை நிறுத்திவிட்டார்கள். மதியம் நான் சரியான விடையை விளக்கியபோது ஆணையர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மண்டப வாசலில் ஒரு பெண் நின்றார். பெயர் செல்வி, நிறுத்தப்பட்டவர்களில் ஒருவர்.

"ஏனுங்க சார், எங்களையெல்லாம் நிறுத்தச் சொன்னது நீங்கதானுங்களா? ஊட்டுக்காரருக்குப் பட்டறையில வேலை இல்லீங்க. நானும் ஊட்டுல உக்காந்துட்டா புள்ளைங்க என்னத்தைங்க திங்கும்?"

உள்ளே ஓடி ஆணையரைத் தேடிப் பிடித்தேன்.

"சார், அது தப்பான விடைங்க!"

"இருக்கட்டுமுங்க. ஆனா ஸ்லைடுல வந்துருச்சில்லீங்க? திருப்பி எடுக்கோணும்னா அதுக்கும் ஒரு ஆதாரம் வேணுமில்லீங்களா?"

பல்லைக் கடித்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தேன். புது ஸ்லைடு ஒன்று தட்டினேன்: 'நிறுத்திய தூய்மைப் பணியாளர்களை உடனே திரும்ப எடுத்தல்.' திரையில் போட்டதும் செல்போன்கள் எழுந்தன. டீ வருவதற்குள் செல்விக்கு, வேலைக்கு வரச் சொல்லி, தூய்மைப் பணி மேஸ்திரியிடமிருந்து போன் வந்துவிட்டது.

கிளம்பும்போது செல்வி கேட்டார்: "அப்படியே சம்பளத்தைக் கொஞ்சம் சேத்திக் குடுக்கற மாதிரியும் ஒண்ணு போட்டு உடுங்க சார்."

போட்டேன். அன்றைய கடைசி ஸ்லைடு அதுதான். ஒரு செல்போனும் எழவில்லை. ஆணையர் சிரித்துக்கொண்டே எனக்குப் பாடம் சொன்னார்:

"இது சும்மா கற்பனைப்பட்டிக் கணக்குதானுங்களே சார்!"